டெல்லியில் ஊடகப் படிப்பு: விண்ணப்பத்திலிருந்து முதல் வேலை வரை

மே மாதம் வந்தால் எனக்கு வரும் போன்களில் பாதி ஆர்.கே.புரம், மோதி பாக், ஜனக்புரி பக்கத்து அம்மாக்களிடமிருந்துதான். "பொண்ணு மாஸ் காம்தான் படிப்பேன்னு நிக்கிறா அக்கா. அது டிவியில நியூஸ் வாசிக்கிற படிப்புதானே? வேலை கிடைக்குமா?" என்று ஒரே மூச்சில் கேட்பார்கள். நான் இந்த ஊரில் ஒரு தமிழ் நாளிதழின் டெஸ்க்கில் தொடங்கி, இப்போது சுகாதாரத் துறையில் இயங்கும் ஒரு தொண்டு நிறுவனத்தின் தகவல் தொடர்புப் பிரிவில் இருக்கிறேன். இரண்டு கேள்விக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னால் அரை மணி நேரமாகிறது. பாதியில் அவர்கள் வீட்டுக் குக்கர் கூப்பிட்டுவிடுகிறது. அதனால்தான் வரிசையாக எழுதி வைக்கிறேன்.

முதல் படி: எந்த வேலையில் மனம் நிற்கிறது என்று பாருங்கள்

செய்தி வாசிப்பது இந்தத் துறையின் மிகச் சிறிய மூலை. இதழியல், வெகுஜனத் தொடர்பியல், விளம்பரமும் மக்கள் தொடர்பும், வளர்ச்சித் தொடர்பியல் என்று படிப்புகளுக்குப் பல பெயர்கள் உண்டு. பெயர்ப் பலகையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் குழப்பம்தான் மிஞ்சும். நான் பிள்ளைகளிடம் வேறு மாதிரி கேட்பேன்.

ஆர்.கே.புரம் முருகன் கோயிலான மலை மந்திரில் தைப்பூசம். பெருங்கூட்டம். நீ அங்கே நிற்கிறாய். உன் கண் எங்கே போகிறது? எத்தனை பேர் வந்தார்கள், எங்கே நெரிசல், போலீஸ் என்ன சொன்னது என்று விசாரிக்கத் தோன்றினால் நீ நிருபர். விடியற்காலையில் அன்னதானத்துக்குக் காய் நறுக்கும் அந்தப் பாட்டியை விட்டு நகர மனமில்லை என்றால் ஆவணப்படம். விழாவுக்கு நாலு நாள் முன்னாலேயே பத்திரிகைகளுக்குக் குறிப்பு போயிருக்க வேண்டாமா என்று கை பரபரத்தால் மக்கள் தொடர்பு. இவ்வளவு பேருக்கும் தண்ணீர் எங்கே இருக்கிறது என்பதைப் படிக்கத் தெரியாதவருக்கும் புரிய வைப்பது எப்படி என்று யோசித்தால், வளர்ச்சித் தொடர்பியல். செல்பி எடுத்துவிட்டுப் பிரசாத வரிசைக்குப் போகிறாய் என்றால் அதிலும் தப்பில்லை, பி.காம் நல்ல படிப்பு.

இரண்டாம் படி: எங்கே படிப்பது

டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. ஹானர்ஸ் இதழியல் சில கல்லூரிகளில் மட்டுமே இருக்கிறது: லேடி ஸ்ரீராம், கமலா நேரு, காளிந்தி, நேதாஜி நகரில் இருக்கும் டெல்லி கலை வணிகக் கல்லூரி, வசுந்தரா என்கிளேவில் இருக்கும் மகாராஜா அக்ரசேன். இந்திரபிரஸ்தா பெண்கள் கல்லூரியில் மல்டிமீடியாவும் வெகுஜனத் தொடர்பும் சேர்ந்த பட்டப்படிப்பு உண்டு. இந்தப் பட்டியலில் பாதிக்கு மேல் பெண்கள் கல்லூரிகள் என்பதைப் பையன் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். கட்-ஆஃப் வந்த பிறகு கவனித்து வருத்தப்பட்டவர்களை எனக்குத் தெரியும். பையன்களும் சேரக்கூடிய இன்னொரு இடம், 2017-இல் தொடங்கிய டெல்லி ஸ்கூல் ஆஃப் ஜர்னலிசம். அங்கே ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பு. மற்ற இளங்கலைப் படிப்புகள் 2022 முதல் நான்காண்டுத் திட்டத்தில் வந்துவிட்டன, மூன்றாம் ஆண்டு முடிவில் பட்டத்தோடு வெளியேறலாம்.

குரு கோவிந்த் சிங் இந்திரபிரஸ்தா பல்கலைக்கழகத்தை எல்லோரும் ஐ.பி. என்பார்கள். அதன் இணைப்புக் கல்லூரிகள் பலவற்றில் பி.ஏ. இதழியல் இருக்கிறது. டெல்லிப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கு 85 சதவீத இடம் ஒதுக்கீடு என்பதால், டெல்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் நம் டிடிஇஏ பள்ளிப் பிள்ளைகளுக்கு வாய்ப்பு அதிகம். ஆனால் இணைப்புக் கல்லூரிகள் எல்லாம் ஒரே தரமில்லை. நேரில் போய் எடிட்டிங் லேபைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கேமராக்கள் உறை பிரிக்காமல் பீரோவில் தூங்கினால் திரும்பி வந்துவிடுங்கள்.

முதுகலைக்கு இரண்டு பெரிய பெயர்கள். ஒன்று, அருணா ஆசஃப் அலி சாலையில் இருக்கும் இந்திய மக்கள் தொடர்பியல் நிறுவனம், அதாவது ஐஐஎம்சி. 1965 ஆகஸ்ட் 17 அன்று அதைத் திறந்துவைத்தவர், அப்போது தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்த இந்திரா காந்தி. பல வருடம் முதுகலை டிப்ளமோவுக்கே பேர்போன இடம். 2024-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகி, எம்.ஏ. படிப்புகளையும் தொடங்கியது. எந்தப் பட்டம் பெற்றவரும் விண்ணப்பிக்கலாம் என்பது முக்கியம். வேதியியல் படித்துவிட்டு வந்தவர் நன்றாக எழுதுவதை நான் பார்த்திருக்கிறேன். எழுதுவதற்கு அவரிடம் ஒரு விஷயம் இருந்தது, அதுதான் காரணம். இன்னொன்று ஜாமியாவின் ஏ.ஜே.கே. மாஸ் கம்யூனிகேஷன் ரிசர்ச் சென்டர், 1982-இல் தொடங்கியது. கிரண் ராவ், கபீர் கான் போன்ற இயக்குநர்கள் அங்கே படித்தவர்கள். கேமராவும் ஒலிப்பதிவும் கையோடு பழக வேண்டுமென்றால் என் ஓட்டு அதற்குத்தான்.

தனியார் நிறுவனங்களைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். கட்டணத்தையும், போன வருடம் படித்து முடித்த மூன்று பேர் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், போதும்.

மூன்றாம் படி: நுழைவுத் தேர்வு

2022 முதல் மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளங்கலைச் சேர்க்கைக்கு க்யூட் (CUET) எனப்படும் பொது நுழைவுத் தேர்வு. தமிழ் உள்பட 13 மொழிகளில் எழுதலாம். 2025-இல் வந்த மாற்றப்படி அதிகபட்சம் ஐந்து தாள், ஒவ்வொன்றிலும் 50 கேள்வி, 60 நிமிடம். சரியான விடைக்கு ஐந்து மதிப்பெண், தவறுக்கு ஒன்று குறையும். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், அண்ணன் எழுதிய வருடத்து அறிவிப்பை வைத்துக்கொண்டு தங்கைக்கு விண்ணப்பம் நிரப்பாதீர்கள்.

இங்கே நம் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. டெல்லிப் பல்கலைக்கழகம், பன்னிரண்டாம் வகுப்பில் படித்த பாடங்களிலேயே தேர்வு எழுதியிருக்க வேண்டும் என்கிறது. "மாஸ் மீடியா" என்று க்யூட்டில் ஒரு தாள் இருக்கிறதே என்று, பள்ளியில் படிக்காமலேயே அதை டிக் செய்துவிட்டு, கடைசியில் அது கணக்கிலேயே வராமல் தவிப்பவர்கள் உண்டு. தமிழ்த் தாள் எழுதுங்கள், நல்லது. ஆங்கிலத் தாளையும் சேர்த்தே எழுதிவிடுங்கள். மதிப்பெண் வந்தபின் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் இட ஒதுக்கீட்டுத் தளத்தில் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். க்யூட் எழுதிவிட்டாலே விண்ணப்பித்தாகிவிட்டது என்று நினைத்து வருடத்தைக் கோட்டைவிட்ட ஒரு பையனின் அப்பா இன்னும் என்னைப் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்.

ஐஐஎம்சி டிப்ளமோ சேர்க்கை அண்மை ஆண்டுகளில் முதுகலைக்கான க்யூட் வழியாக நடக்கிறது. ஜாமியா எம்.ஏ.வுக்குத் தனித் தேர்வு, அப்புறம் நேர்முகம். ஏன் இந்தப் படிப்பு என்ற கேள்விக்கு "சமூகத்துக்குச் சேவை செய்ய" என்று தொடங்காதீர்கள். நீங்கள் பார்த்த, எரிச்சல்பட்ட, விசாரித்த ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள்.

நான்காம் படி: வகுப்பில் தூங்கக் கூடாத பாடங்கள்

முதல் வருடம் கோட்பாடு. "யார், எதை, எந்த வழியாக, யாருக்கு, என்ன விளைவோடு சொல்கிறார்" என்று ஹெரால்ட் லாஸ்வெல் 1948-இல் கேட்ட கேள்வியில் தொடங்கும். அப்புறம் மெக்கோம்ஸும் ஷாவும் 1972-இல் வெளியிட்ட ஆய்வு: எதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பதை ஊடகம் தீர்மானிக்கிறது என்றார்கள். பரீட்சைக்கு மனப்பாடம் செய்து மறந்துவிடுகிற சமாச்சாரமாகத் தெரியும். ஆனால் நவம்பரில் டெல்லிக் காற்று ஒவ்வொரு சேனலிலும் தலைப்புச் செய்தியாகி, ஜனவரியில் காற்று அப்படியே இருக்கச் செய்தி மட்டும் காணாமல் போவதை ஒரு வருடம் நோட்டில் குறித்துப் பாருங்கள். அந்த ஆய்வு உங்களுடையதாகிவிடும்.

சட்டப் பாடத்தை ஒருபோதும் விடாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அவதூறு இப்போது அதன் 356-ஆம் பிரிவு. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவதைத் தடுப்பது 72-ஆம் பிரிவு, குழந்தை என்றால் போக்சோவின் 23-ஆம் பிரிவு. பெயரை மறைத்துவிட்டு, தெருவையும் பள்ளியையும் அப்பாவின் தொழிலையும் எழுதினாலும் அது அடையாளம்தான். டெஸ்க்கில் புதிதாக வருகிறவர்கள் பலரும் செய்யும் தவறு இது.

தகவல் உரிமைச் சட்டத்தைப் படிப்பதைவிட ஒருமுறை பயன்படுத்திப் பாருங்கள். மத்திய அரசுத் துறைக்குக் கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள். உங்கள் செக்டார் பூங்காவுக்குப் போன வருடம் எவ்வளவு செலவு என்று கேளுங்கள். பதில் வந்தாலும் செய்தி, வராவிட்டாலும் செய்தி.

ஐந்தாம் படி: தமிழைச் சரக்காக்குங்கள்

இங்கேதான் நான் கொஞ்சம் நேரம் நிற்கப் போகிறேன். டெல்லித் தமிழ்ப் பிள்ளையிடம் மூன்று மொழி இருக்கிறது. ஆட்டோக்காரரிடம் இந்தி, வகுப்பில் ஆங்கிலம், வீட்டில் தமிழ். சென்னையில் படித்து வருகிறவரிடம் பெரும்பாலும் அந்த இந்தி இருக்காது. இங்கேயே பிறந்த பஞ்சாபிப் பையனிடம் தமிழ் இருக்காது. ஆனால் நம் பிள்ளைகளில் பலருடைய தமிழ் வாயோடு நின்றுவிடுகிறது. வாட்ஸப்பில் ஆங்கில எழுத்தில் தமிழ் அடிப்பார்கள். ஒரு பத்தி எழுதச் சொன்னால் ல, ழ, ள மூன்றும் சண்டை போடும். பேசும் தமிழுக்கு யாரும் சம்பளம் தருவதில்லை. எழுதி, தட்டச்சு செய்து, திருத்தித் தரும் தமிழுக்குத்தான் தருவார்கள்.

இந்த ஊருக்கு அதில் ஒரு பழைய வரலாறே உண்டு. "ஆகாசவாணி, செய்திகள் வாசிப்பது" என்று ஊரில் காபி நேரத்தில் கேட்ட சரோஜ் நாராயணசுவாமியின் குரல் டெல்லியிலிருந்துதான் புறப்பட்டது. 2022-இல் அவர் மறைந்தபோது என் அம்மா ரேடியோ இருந்த அலமாரியைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

சரி, பயிற்சிக்கு வருவோம். முதலில் தமிழ்99 விசைப்பலகை. ஒரு மாதத்தில் கைக்கு வந்துவிடும். பிறகு தினமும் பிஐபி எனப்படும் பத்திரிகைத் தகவல் அலுவலகத்தின் ஆங்கில அறிக்கை ஒன்றை எடுத்து, 120 சொல்லில் தமிழில் எழுதுங்கள். பிஐபி தமிழிலும் அறிக்கைகள் வெளியிடுகிறது. உங்களுடையதை அதோடு ஒப்பிடுங்கள். சில நாள் அவர்களுடையது சரியாக இருக்கும். சில நாள் உங்களுடையது நன்றாக இருக்கும், அன்றைக்கு ஒரு சமோசா சாப்பிடுங்கள்.

மொழிபெயர்க்கும்போது ஒரு சொல் மாறினாலும் செய்தியே மாறிவிடும். மசோதா அறிமுகம் ஆவது வேறு, நிறைவேறுவது வேறு, குடியரசுத் தலைவர் ஒப்புதல் தருவது வேறு. எண்களிலும் இதே கதைதான். நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம், 10 பில்லியன் டாலர் முதலீடு என்ற செய்தியில் 100 கோடி டாலர் என்று எழுதிவிட்டேன். 1,000 கோடி என்று இருக்க வேண்டும். இரவு ஷிப்டில் யாரும் கவனிக்கவில்லை, அச்சாகிவிட்டது. மறுநாள் திருத்தம் போட்டார்கள். செய்தி ஆசிரியர் திட்டவில்லை, ஒரு சிறிய அட்டையில் மில்லியன் 10 லட்சம், பில்லியன் 100 கோடி, டிரில்லியன் ஒரு லட்சம் கோடி என்று எழுதி என் கம்ப்யூட்டரில் ஒட்டிவிட்டுப் போனார். அதைவிடத் திட்டியிருக்கலாம்.

ஆறாம் படி: கையில் வேலை இருக்க வேண்டும்

பயிற்சிப் பணிக்கு விண்ணப்பிக்கும்போது மதிப்பெண் பட்டியலை யாரும் திறப்பதில்லை. செய்த நாலு வேலையைக் கேட்பார்கள். இரண்டாம் ஆண்டு முடிவதற்குள், சொந்தமாகப் போய் விசாரித்து எழுதிய இரண்டு கட்டுரை, மூன்று நிமிட வீடியோ ஒன்று, ஒலித்துண்டு ஒன்று, மொழிபெயர்ப்பு ஒன்று தயாராக இருக்கட்டும்.

எதைப் பற்றி எழுதுவது என்று கேட்பார்கள். 2025 ஜூன் 1 அன்று ஜங்புராவில் பாராபுல்லா வடிகால் ஓரமிருந்த மதராசி கேம்ப் என்ற குடிசைப் பகுதி இடிக்கப்பட்டது. தமிழ்நாட்டிலிருந்து வந்து, சுற்று வட்டாரக் காலனிகளில் வீட்டு வேலை பார்த்து வாழ்ந்த குடும்பங்கள். மாற்று வீடு கிடைத்தவர்களுக்கும் நகரின் இன்னொரு கோடியில், நரேலாவில். அங்கிருந்து வேலைக்கு எத்தனை மணிக்குக் கிளம்புகிறார்கள், பிள்ளைகளின் தமிழ்ப் படிப்பு என்னவாயிற்று? இதை ஒரு மாணவி நரேலாவுக்குப் போய், தமிழில் "சாப்டீங்களாம்மா" என்று தொடங்கி உட்கார்ந்து கேட்டால், பெரிய கேமராவோடு வந்து இந்தியில் இரண்டு வரிப் பேட்டி (பைட்) வாங்கிப் போனவருக்குக் கிடைக்காதது கிடைக்கும். ஒருமுறை போனால் பத்தாது. மூன்றாவது முறைதான் பேசுவார்கள்.

பயிற்சிப் பணியில் சம்பளம் தராத இடங்கள் இன்னும் இருக்கின்றன. ஒரு மாதம் பொறுக்கலாம். மூன்று மாதம் காசில்லாமல் முழுநேர வேலை வாங்கினால் அது பயிற்சியில்லை. வெளியே வாருங்கள்.

ஏழாம் படி: வேலைகள் எங்கே இருக்கின்றன

நொய்டா செக்டார் 16ஏ ஃபிலிம் சிட்டியில் தொலைக்காட்சி செய்தி நிறுவனங்கள் வரிசையாக இருக்கும். அங்கே திரையில் தெரிகிறவருக்குப் பின்னால் செய்திகளின் வரிசைப் பட்டியலான ரன் டவுன் தயாரிப்பவர், திரையின் அடியில் ஓடும் டிக்கர் எழுதுபவர், விருந்தினரை ஒருங்கிணைப்பவர், எடிட்டர் என்று பெருங்கூட்டம். தொடக்க வேலை பெரும்பாலும் இந்தக் கூட்டத்தில்தான், இரவு ஷிப்டோடு. வீட்டுக்குக் கொண்டுவிட வண்டி உண்டா என்று சேரும்போதே கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

தமிழ்ப் பத்திரிகைகளின் டெல்லி அலுவலகம் வேறு உலகம். ரஃபி மார்க்கில் இந்தியச் செய்தித்தாள் சங்கத்தின் ஐஎன்எஸ் கட்டடத்தைச் சுற்றி மாநில மொழிப் பத்திரிகைக்காரர்களைப் பார்க்கலாம். பல அலுவலகங்களில் ஒருவரோ இருவரோதான். காலையில் நாடாளுமன்றம், நண்பகல் உச்ச நீதிமன்றம், மாலையில் காவிரி நீர் மேலாண்மை ஆணையக் கூட்டம் முடிந்து அதிகாரிகள் வெளியே வரும் வாசல், இரவில் முதல்வர் வந்திருந்தால் தமிழ்நாடு இல்லம். ஆங்கிலத்தில் தீர்ப்பு, இந்தியில் அமைச்சர் பேட்டி, தமிழில் காப்பி. இந்த ஆட்டத்துக்கு டெல்லித் தமிழர் பிறக்கும்போதே பாதி தயார். பிபிசியின் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிச் செய்திகளை 2024 ஏப்ரல் முதல் தயாரித்துத் தரும் கலெக்டிவ் நியூஸ்ரூமும் இந்த ஊரைத் தலைமையிடமாகக் கொண்டதுதான்.

அரசு வேலை வேண்டும் என்கிற அப்பாக்களுக்கு: இந்தியத் தகவல் பணி என்று ஒன்று இருக்கிறது. அதன் குரூப் ஏ பதவிக்கு வழி சிவில் சர்வீஸ் தேர்வு, பயிற்சி ஐஐஎம்சியில். பெண் ஐ.ஏ.எஸ். ஆக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருப்பவர்கள் இந்தப் பணியைப் பட்டியலின் கடைசியில் வைப்பார்கள், எனக்கு அது புரிந்ததே இல்லை. மக்களவையில் உறுப்பினர் தமிழில் பேசும்போது அதை உடனுக்குடன் மாற்றிச் சொல்லும் உரைபெயர்ப்பாளர் வேலையும் உண்டு, அதற்குத் தனித் தேர்வு. கற்பிக்க விருப்பமிருந்தால் முதுகலை முடித்து, கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வு.

விளம்பர, மக்கள் தொடர்பு நிறுவனங்களுக்குக் குருகிராம் போக வேண்டும். தொடக்கச் சம்பளம் செய்தித்துறையைவிட மேலாக இருப்பதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். வாடிக்கையாளர் இரவு பதினொரு மணிக்கு "லோகோவைக் கொஞ்சம் பெரிசாக்குங்க" என்று சொல்வதற்கும் சேர்த்துத்தான் அந்தச் சம்பளம்.

என் துறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. லோதி எஸ்டேட்டில் நம் டிடிஇஏ பள்ளி இருக்கிறது. அதே லோதி எஸ்டேட்டில் யுனிசெப் உள்ளிட்ட ஐ.நா. அலுவலகங்களும் இருக்கின்றன. பன்னிரண்டு வருடம் அந்தச் சாலையில் நடந்து பள்ளிக்குப் போன பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தக் கேட்டுக்குள் தொடர்பியல் படித்தவர்களுக்கு வேலை உண்டு என்று தெரியும்? தடுப்பூசிக்குப் பயப்படும் தாய்க்கு என்ன சொல்வது, எந்தப் படம் போடுவது, அந்தப் படத்தை முதலில் பத்துப் பேரிடம் காட்டிச் சோதிப்பது எப்படி என்பதுதான் அந்த வேலை. அங்கே நேரடியாக நுழைவது கடினம். சிறிய தொண்டு நிறுவனத்தில் இரண்டு மூன்று வருடம் களத்தில் திரிந்தவர்களுக்குத்தான் கதவு திறக்கிறது. பெரும்பாலும் ஒப்பந்த வேலை. திட்டம் முடிந்தால் வேலையும் முடியும், அதற்கேற்ப கையில் ஆறு மாதச் செலவுக்குப் பணம் வைத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, பிரஸ் கார்டு. மத்திய அரசின் அங்கீகார அட்டையைத் தருவது பிஐபி. 2022 விதிகளின்படி அதற்கு முழுநேரப் பத்திரிகையாளராகக் குறைந்தது ஐந்தாண்டு அனுபவம் வேண்டும். ஆகவே லக்ஷ்மி நகர் மெட்ரோ வாசலில் யாராவது மூன்று மாதக் கோர்ஸ், கூடவே பிரஸ் கார்டு, வண்டிக்கு ஸ்டிக்கர் இலவசம் என்று நோட்டீஸ் கொடுத்தால், அதை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு மோமோ கடைப் பக்கம் நடந்துவிடுங்கள்.